வளைவே இல்லாத வீதிக்கு எந்த டயர்?

“அண்ணன், 86க்கு நாலு டயரும் முடிஞ்சுது. பைலட் ஸ்போர்ட் போடவா, பிரைமசி போடவா? கொழும்பில ஒருத்தன் பாவிச்ச ஜப்பான் டயர் அரைவாசி விலைக்கு வெச்சிருக்கான். அதையே எடுத்திரவா?”

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தம்பி போன மாரிக்கு முன் கேட்டது இது. பைலட் ஸ்போர்ட், பிரைமசி இரண்டும் மிஷ்லின் கம்பனியின் டயர்கள்; முதலாவது ஸ்போர்ட்ஸ் வகை, மற்றது சொகுசு வகை. அவரிடம் இருப்பது டொயோட்டா 86. என்னிடம் ஹொண்டா சி.ஆர்.இசட். (அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் 86 வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆறு கியர், இரண்டு கதவு, தரையோடு ஒட்டிய இருக்கை. எனக்குப் போதும்.) இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து வைக்கிற கார் இல்லை இவை. வேலைக்கும் இதில்தான், மீன் வாங்கவும் இதில்தான்.

அவருக்குத் தொலைபேசியில் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வீதி, அப்புறம் டயர்

மட்டக்களப்பில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போகும் ஏ4 வீதி காபட் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும். மேடு இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஒரு வளைவும் இல்லை. கல்லடியில் இருந்து கல்முனைக்கு நான் தினமும் போய்வருகிறேன். ஒரு வழிக்குச் சுமார் 40 கிலோமீற்றர். அந்த 40இல் ஸ்டியரிங்கை உண்மையாகத் திருப்புகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரேக்கை மிதிக்கிற இடங்களை எண்ண முடியாது. காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சை மரங்களுக்கு இடையால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்குவார். களுவாஞ்சிகுடியில் முன்னால் போகும் பஸ் சிக்னல் போடாமல் நிற்கும். ஓந்தாச்சிமடத்துப் பாலம் இறங்கினால் மாடு படுத்திருக்கும்.

டயர் விளம்பரங்கள் எல்லாம் வளைவைத்தான் காட்டும். நமக்கு வேண்டியதோ நேர்கோட்டில் நிற்பது, அதுவும் ஈரத்தில் நிற்பது. எங்கள் பக்கம் வருடத்து மழையில் பெரும்பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் கச்சான் காற்றும் வெயிலும்தான். அந்த வெயிலில் மத்தியானத் தார் 50 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் தூசியும் ஒக்டோபரின் முதல் மழையில் ஊறி மேலே வரும்போது வீதி சவர்க்காரம் பூசியது போல ஆகிவிடும். அறுவடைக் காலத்தில் இன்னொன்று: வயலில் இருந்து ஏறிவரும் உழவு மெசின்கள் சேற்றைக் கட்டிகட்டியாக வீதியில் உதிர்த்துவிட்டுப் போகும்.

ஆகவே என் அளவுகோல்களின் வரிசை இது: ஈரத்தில் பிரேக் பிடித்தால் எத்தனை மீற்றரில் நிற்கும், குழியில் விழுந்தால் பக்கச்சுவர் தாங்குமா, ஒரு கிலோமீற்றருக்கு என்ன செலவு, ஒன்று வெடித்தால் அதே டயர் இன்னொன்று கிடைக்குமா. காய்ந்த வீதியில் எவ்வளவு ஒட்டும் என்பது கடைசி. கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவருக்கு இந்த வரிசை மாறலாம்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும்

கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் டயர் சொல்வதைக் கேட்கலாம். டிரெட்வெயர் என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க முறை அது. 100 என்பது ஒப்பீட்டு அடிப்படை. எண் கூடக் கூடத் தேய்மானம் குறைவு. யோகோஹாமா நியோவா ஏ.டி.08.ஆர் 180, மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் 300. இந்த எண்ணைக் கம்பனியே சோதித்துக் கம்பனியே போட்டுக்கொள்கிறது. எனவே ஒரே கம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது நல்லது. பெயர் தெரியாத ஒரு டயரில் 500 என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஸ்டிக்கர் ஒட்டி வரும் டயரில் மழைமேகப் படத்தோடு ஓர் எழுத்து இருக்கும். அதுதான் ஈரப்பிடிப்பு. ஏ சிறந்தது. ஒரு எழுத்துக் கீழே இறங்கினால், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் முழு பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரம் ஏறக்குறைய 3 முதல் 6 மீற்றர் வரை கூடும். 6 மீற்றர் என்பது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். ஜப்பானில் இருந்து வரும் டயர்களுக்கும் இதுபோல ஒரு ஸ்டிக்கர் உண்டு. உருள்தடைக்கு ஏஏஏ முதல் சி வரை, ஈரப்பிடிப்புக்குச் சின்ன எழுத்தில் ஏ முதல் டி வரை.

கடைசியாகத் திகதி. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3714 என்றால் 2014ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். இந்த 3714ஐ நான் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. கீழே வரும்.

ஓட்டப்பந்தய வகை: டிரெட்வெயர் 200ம் அதற்குக் கீழும்

பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.71.ஆர், நியோவா போன்றவை. ரப்பர் மென்மையானது, வீதியைத் தொடும் ரப்பர்க் கட்டைகள் பெரியவை, அவற்றுக்கு இடையே தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் குறைவு. சூடேறினால் தாரைக் கவ்விப் பிடிக்கும். காருக்கு இதைப் போட்டவுடன் ஸ்டியரிங் வேறு காருடையது போல ஆகிவிடும், உண்மைதான். ஆனால் புதிதாக இருக்கும்போது மழையில் ஓரளவு சமாளிக்கிற இவை, பாதி தேய்ந்த பிறகு தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கும். தண்ணீர் போக வழி இல்லையே. ஆயுளும் 15,000 முதல் 20,000 கிலோமீற்றர்தான். மாதம் 1,760 ஓடுகிற எனக்கு அது ஒரு வருடத்துக்கும் வராது. தினமும் ஓடுகிற காருக்கு, அதுவும் இங்கே, இது வேண்டாம். இன்னொரு செட் சில்லு வைத்திருந்து பந்தயத் திடலுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வீதி ஸ்போர்ட்ஸ் வகை

17 அங்குலச் சில்லுக்கு பைலட் ஸ்போர்ட் 5, 16 அங்குலத்துக்கு அட்வான் ஃப்ளீவா, பொட்டென்சா அட்ரினலின் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இவற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: “ஸ்போர்ட்ஸ் டயர் மழைக்கு ஆகாது.” ஓட்டப்பந்தய வகையையும் இதையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவது அது. இந்த வகையின் ரப்பரில் சிலிக்கா கலப்பு அதிகம். ஈரத்தாரில் பிடிக்க அது உதவும். சுற்றிவர ஓடும் அகலமான நீள்வாய்க்கால்கள் மூன்று நான்கு இருக்கும். நல்ல கம்பனிகளின் இவ்வகை டயர்கள் பலவற்றுக்கு ஈரப்பிடிப்பில் ஏ கிடைப்பது அதனால்தான்.

குளிருக்கு ஆகாது என்பது உண்மை. 7 பாகைக்குக் கீழே இந்த ரப்பர் இறுகிவிடும். மட்டக்களப்பில் 7 பாகையா? நுவரெலியாவுக்கு மார்கழியில் போனால் காலை ஒரு பத்து நிமிடம் நிதானமாக ஓட்டினால் சரி. “நாலு பருவத்துக்கும்” என்று விற்கும் டயர் நமக்குத் தேவையே இல்லை. குளிருக்காக அதில் செய்த விட்டுக்கொடுப்புகளுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

குறைகளும் உண்டு. ஆயுள் 30,000 முதல் 40,000. முன்சில்லு இழுக்கும் காரில் முன் டயர்கள் அதற்கும் முன்பே போகும். பக்கச்சுவர் விறைப்பானது, வீதியின் ஒவ்வொரு சிறுகல்லும் இடுப்புக்குத் தெரியும். சத்தம் கூட. சி.ஆர்.இசட் போன்ற ஹைபிரிட்டில் பெற்றோல் கணக்கும் கொஞ்சம் இறங்கும். லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் குறைந்தாலே மனசு கேட்காத ஆட்கள் நாம்.

இது யாருக்குச் சரி? மாதம் ஒரு தடவையாவது மகா ஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறுபவருக்கு. மகியங்கனை தாண்டி வரும் ‘18 வளைவு’ என்ற மலைப்பாதையில், மழையில், கீழே இறங்கும்போது இந்த டயரின் அருமை தெரியும். அப்புறம் பின்சில்லு தள்ளும் கார்களுக்கு. ஈரத்தில் பின் டயர் பிடி விட்டால் கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

சொகுசு வகை

பிரைமசி, டுரான்சா போன்றவை. ‘மாமாமார் போடுற டயர்’ என்று இளந்தாரிகள் ஒதுக்குவார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். 2012இல் டொயோட்டா 86ஐச் சந்தைக்கு விட்டபோது 17 அங்குலச் சில்லில் போட்டுக் கொடுத்தது மிஷ்லின் பிரைமசி எச்.பி. பிரியஸுக்கும் கொடுத்த அதே டயர்! பிடிப்பு அளவோடு இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் விளையாட்டுக் காட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்போர்ட்ஸ் கார் செய்தவர்களே சொகுசு டயர் போட்டால், நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வகையின் நல்ல டயர்கள் ஈரப்பிடிப்பில் ஸ்போர்ட்ஸ் வகைக்கு அவ்வளவு பின்னால் இல்லை. நேர்கோட்டில், 70க்குள், மழையில் நிற்பதில் வித்தியாசம் சிறியது. காய்ந்த வளைவில்தான் பெரிய இடைவெளி தெரியும். அந்த வளைவுதான் நம் வீதியில் இல்லையே. ஆயுள் 50,000ஐத் தாண்டும். பக்கச்சுவர் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால், உள்வீதிக் குழியிலும் கிறவல் பாதையிலும் ரிம் தப்பிவிடும். வயலுக்கும் வீட்டுக்குமாக வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இருந்து மேற்கே படுவான்கரைக்குப் போய்வருபவருக்கு இதைவிட வேறு யோசனையே வேண்டாம்.

என்ன இழப்பு? ஸ்டியரிங் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் மறந்துவிடும். ஆனால் அந்த ஒரு கணத்துக்காகவே இந்தக் காரை வாங்கியவர்களும் உண்டு, அவர்களுக்கு மறக்காது.

பெயர் தெரியாத மலிவு டயர்

கோலம் ஸ்போர்ட்ஸ், குணம் தெரியாது. பக்கச்சுவரில் பெரிய எழுத்தில் ஏதோ ஒரு வேகப் பெயர், நடுவில் அம்புக்குறி. எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குமுன் அறிய வழியில்லை. விலைதான் பிரச்சினை என்றால், களனியில் தயாராகும் சியட்டின் சாதாரணக் கார் டயர் உங்கள் அளவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வேகமாக ஓட்டத் தோன்றாது. அது ஒரு நன்மை.

பாவித்த ஜப்பான் டயர்

இப்போது 3714க்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் மறுபடி திறக்கும் வரை, இருக்கிற காரை இழுத்துப் பிடித்து ஓட்டினோம். டயரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஒரு கடையில் நான்கு பாவித்த டயர் வாங்கினேன். “எண்பது வீதம் கட்டை இருக்கு” என்றார்கள். இருந்தது. கறுப்பு மினுக்கம் பூசிப் புதுசு போல வைத்திருந்தார்கள். விலையும் அரைவாசிக்குக் கீழே. நான் திகதியைப் பார்க்கவில்லை.

அந்த வருட மார்கழியில் ஒரு பின்னேரம், தூறல். ஓந்தாச்சிமடத்துப் பாலம் இறங்கி வருகிறேன். வேகம் 60 இருக்கும். வெள்ளை மாடு ஒன்று, நடுக்கோட்டில். மிதித்தேன். பெடலுக்கு அடியில், சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தடதடவென்று அடித்தது. கார் மட்டும் அப்படியே போய்க்கொண்டே இருந்தது, ஐஸ்கட்டி மேசையில் வழுக்குவது போல. மாடு எழும்பி நகர்ந்ததால் இரண்டு பேரும் தப்பினோம். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காத்தான்குடியில் டயர் வேலை செய்கிற காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டை ஒன்றில் பெருவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த புது டயரில் அதே நகத்தை அழுத்தினார். பிறைபோலத் தடம் விழுந்து, மெல்ல மறைந்தது. பிறகு வாய்க்காலை விரித்து அடியைக் காட்டினார். தலைமுடி அளவு வெடிப்புகள் வரிசையாக. “தம்பி, கட்டை இரிக்கி. ரப்பர் இல்ல” என்றார்.

ரப்பர் பழசானால் இறுகும். வெயில், வெப்பம், காற்றின் ஒட்சிசன் எல்லாம் சேர்ந்து அதைச் செய்கின்றன. வளவில் வெயிலில் அடுக்கி வைத்த டயர் இன்னும் வேகமாக இறுகும். கட்டையின் ஆழம் தண்ணீருக்கு வழிவிடத்தான் உதவும். தாரைப் பிடிப்பது ரப்பரின் மென்மை. ஐந்து வருடம் தாண்டிய பாவித்த டயரை ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் இனி வாங்கமாட்டேன். உள்ளே பஞ்சர் ஒட்டு இருக்கிறதா, கம்பி அறுந்ததா என்பதும் ரிம்மில் ஏற்றிய பிறகு தெரியாது.

இது சரியாக வரும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: நான்கில் ஒரு டயர் பக்கச்சுவர் கிழிந்து போய், அதே டயர் புதிதாகக் கிடைக்காமல், மற்ற மூன்றும் பாதி ஓடியிருந்தால். அப்போது அதே பெயர், அதே தேய்மானம், அண்மைத் திகதியில் ஒன்று தேடலாம்.

ஒரே பார்வையில்

| வகை | ஈரத்தில் நிற்பது | குழி தாங்குவது | ஆயுள் (கி.மீ., ஏறத்தாழ) | சத்தம் |
|---|---|---|---|---|
| ஓட்டப்பந்தயம் | புதிதில் பரவாயில்லை, தேய்ந்தால் ஆபத்து | குறைவு | 15,000–20,000 | மிக அதிகம் |
| வீதி ஸ்போர்ட்ஸ் | மிக நன்று | நடுத்தரம் | 30,000–40,000 | கொஞ்சம் அதிகம் |
| சொகுசு | நன்று | நன்று | 50,000க்கு மேல் | குறைவு |
| மலிவு | சொல்ல முடியாது | சொல்ல முடியாது | மாறும் | மாறும் |
| பாவித்தது | திகதியைப் பொறுத்தது | நம்ப முடியாது | 10,000–15,000 | தேயத் தேயக் கூடும் |

விலைச்சீட்டில் வராத செலவு

விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் ரூபாயில் எழுதவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். சொகுசு டயர் ஒன்று 100 என்று வைத்துக்கொள்வோம். 50,000 ஓடினால் ஆயிரம் கிலோமீற்றருக்கு 2. ஸ்போர்ட்ஸ் டயர் 125, 35,000 ஓடினால் 3.6. பாவித்தது 45, ஆனால் 12,000 தான் ஓடினால் 3.75. அரைவிலைக்கு வாங்கியதுதான் மூன்றிலும் விலை கூடியது. உங்கள் கடைவிலையை இதில் போட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது), பாலன்ஸ், வால்வு. அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் ஏற்றினால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து சில மாதங்களிலேயே முடியும். வெளியில் நின்று பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

16இல் இருந்து 17 அங்குலத்துக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். 195/55 ஆர் 16 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 வீதம், ரிம் 16 அங்குலம். அதன் பக்கச்சுவர் உயரம் 107 மி.மீ. 205/45 ஆர் 17இல் 92. சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் 15 மி.மீ. ரப்பரை இழக்கிறீர்கள். ஒரு குழி போதும். பக்கச்சுவரில் முட்டை போல வீக்கம் வந்தால் அந்த டயரை ஒட்டவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அந்த அளவு உள்ளூரில் இல்லாவிட்டால் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரும் வரை கார் வீட்டில். என் காரில் உபரிச் சில்லும் இல்லை.

இரண்டு மட்டும் வாங்க முடிந்தால்? புதியவை பின்னுக்கு. காக்காவோடு நான் சண்டை பிடித்த ஒரே விஷயம் இது. “முன்னுக்குத்தானே தம்பி இழுக்கிது, முன்னுக்குத்தானே பிரேக்” என்பார். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் கார் நேராகப் போகும், பெடலில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின் டயர் வழுக்கினால் சுழலும். மீட்க நேரம் இருக்காது. இழுப்பது முன்சில்லா பின்சில்லா என்பது இதற்குப் பொருட்டில்லை.

மாற்ற வேண்டிய நேரம், வாய்க்காலின் ஆழம் 1.6 மி.மீ. ஆகி அடையாளக்கட்டை தெரியும்போது என்பார்கள். புது டயரில் 8 மி.மீ. அளவு இருக்கும். மழைக்கு 3 மி.மீ. ஆனதும் மாற்றுவது என் வழக்கம். ஒக்டோபரில் 3.5 இருந்தால் தை வரை இழுக்க நினைக்காதீர்கள். வீதியை மூடி வெள்ளம் பாயும்போது எந்த டயரும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவடிப்பள்ளியில் தண்ணீர் ஏறினால் காரைத் திருப்புவதுதான் ஒரே வழி.

நான் போட்டதும் தம்பி போட்டதும்

சி.ஆர்.இசட்டுக்கு நான் சொகுசு வகைதான் போட்டேன். தினமும் 80 கிலோமீற்றர் நேர்கோடு, வருடத்துக்கு 21,000. கணக்கு அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது. மனசு இன்னும் ஃப்ளீவாவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

தம்பிக்கு நான் சொன்னது வேறு. 86 பின்சில்லு தள்ளும் கார், அவர் மனைவியின் ஊர் பதுளை, மாதம் இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிறார். 17 அங்குலத்தில் தேர்வும் நிறைய. ஸ்போர்ட்ஸ் போடுங்கள், நான்கும் ஒரே தடவையில் போடுங்கள், முதல் 200 கிலோமீற்றர் நிதானமாக ஓட்டுங்கள், புது டயரின் மேற்பூச்சு போகும் வரை என்றேன். கார்த்திகை பிறக்குமுன் போட்டுவிட்டார்.

பழைய நான்கையும் வீட்டுக்குக் கொண்டுபோனாராம், பூமரம் வைக்க. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, நுளம்பு வந்து, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுவாசலில் நின்ற பிறகு அவரே போன் எடுத்தார்: “அண்ணன், டயரைக் கடையிலேயே விட்டுட்டு வரச் சொல்லி நீங்க சொல்லல்லையே?”

சொல்லவில்லைதான். இப்போது சொல்லிவிட்டேன்.